முதுகு வலின்னு விட்டுடலாமா? மார்பகப் புற்றுநோய் எலும்புக்குள் நுழைவது எப்படி?

திருநீர்மலையில் அடிவாரத்தில் நின்ற கோலத்தில் நீர்வண்ணப் பெருமாள். மலை மேலே இருந்த, கிடந்த, நடந்த கோலங்கள். நான்கையும் ஒரே நாளில் சேவிக்க வேண்டுமென்றால் படி ஏறியாக வேண்டும். புரட்டாசி சனிக்கிழமையில் போனால், பாதிப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் பெண்களைப் பார்க்கலாம். "என்னக்கா, முடியலையா?" என்று யாராவது கேட்டால், "இடுப்பு பிடிச்சுக்கிச்சும்மா, வயசாச்சுல்ல" என்று பதில் வரும்.

பெரும்பாலான நேரம் அந்தப் பதில் சரிதான். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இடுப்பு வலி வர ஆயிரம் காரணம் இருக்கிறது. தண்ணீர்க் குடம், குனிந்து பெருக்குவது, மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்வது, பல்லாவரம் - திருநீர்மலை சாலையில் ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போவது எல்லாமே காரணம்தான்.

ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்திருப்பவர் ஆறு வருஷத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர் என்று வைத்துக்கொள்வோம். கீமோ முடிந்தது, ரேடியேஷன் முடிந்தது, ஐந்து வருஷம் மாத்திரையும் முடிந்தது. "எல்லாம் க்ளியர்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடி வளர்ந்துவிட்டது. வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. இப்போது மூன்று வாரமாக ஒரே இடத்தில் வலி. மகள் தைலம் தேய்த்துவிடுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா, சுளுக்கு எடுப்பவர் ஒருவரின் முகவரியைத் தருகிறார்.

இவரும் வயதைக் காரணமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. ஏன் என்று புரிய, மார்பில் இருந்த கட்டிக்கும் இடுப்பு எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விதையும் மண்ணும்

மார்பகப் புற்றுநோய் உடலில் வேறு இடத்துக்குப் பரவினால் அது அதிகம் போய்ச் சேரும் இடம் எலும்புதான். நோய் முற்றிப் பரவிய நிலையில் உள்ள பெண்களில் 100 பேரில் 65 முதல் 75 பேருக்கு எலும்பில் பாதிப்பு இருக்கும். நுரையீரல், கல்லீரல், மூளை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இது தற்செயலா என்ற கேள்வியை 1889-லேயே ஒருவர் கேட்டார். லண்டனைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அவர் புரட்டிப் பார்த்தார். ரத்தம் போகும் இடமெல்லாம் நோயும் போகும் என்றால் எல்லா உறுப்பிலும் ஒரே மாதிரி பரவியிருக்க வேண்டும். அப்படி இல்லை. சில உறுப்புகளில் நிறைய, சிலவற்றில் அபூர்வம். மண்ணீரலுக்கு ஏராளமான ரத்தம் போகிறது. ஆனால் அங்கே நோய் குறைவு. செடியின் விதை காற்றில் எல்லாத் திசைக்கும் பறந்தாலும், ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும் என்று அவர் விளக்கினார். புற்றுநோய் செல் விதை, உறுப்பு மண். 130 வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த விளக்கம் மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

பேஜெட் சொன்னது பாதிக் கதை. விதை மண்ணுக்குப் போய்ச் சேர வழியும் வேண்டும் அல்லவா? அந்த வழியை 1940-ல் அமெரிக்க உடற்கூறியல் பேராசிரியர் ஆஸ்கர் பேட்சன் காட்டினார். முதுகெலும்பைச் சுற்றி வலைபோலப் பின்னிக் கிடக்கும் சிரைகள் சாதாரண ரத்தக்குழாய்கள் மாதிரி இல்லை. கை, கால் சிரைகளில் ரத்தம் பின்னால் போகாமல் தடுக்கும் வால்வுகள் உண்டு. இந்த வலையில் வால்வு கிடையாது. இருமினால், தும்மினால், முக்கினால்கூட ரத்தம் திசை மாறி ஓடும். மார்பகப் பகுதியின் சில சிரைகள் இந்த வலையோடு இணைந்திருப்பதால், கட்டியிலிருந்து பிரிந்த செல், நுரையீரலைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லாமல், நேராக முதுகெலும்பை அடைய முடியும். ஒரு வகையில் பைபாஸ் ரோடு.

மார்பகத்தில் இருக்கும் கட்டி ஒரு அளவுக்கு வளர்ந்ததும் அதற்குள் புது ரத்தக்குழாய்கள் உருவாகின்றன. அவசரத்தில் கட்டிய வீடு மாதிரி, அவற்றின் சுவர்கள் ஒழுகும். அந்த ஓட்டை வழியாகவோ, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் வழியாகவோ செல்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அப்படிக் கலக்கும் செல்களில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும். ரத்த ஓட்டத்தின் வேகம் நசுக்கும், நோய் எதிர்ப்பு செல்கள் தின்றுவிடும். தப்பிப் பிழைப்பது மிகச் சில.

எலும்பில் அப்படி என்ன இருக்கிறது?

எலும்பு என்றால் காய்ந்த கட்டை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஓயாமல் வேலை நடக்கும் இடம். பழைய எலும்பை இடிக்க ஒரு கோஷ்டி, புது எலும்பைக் கட்ட ஒரு கோஷ்டி. இடிப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள். கட்டுபவை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள். வருஷத்துக்கு நம் எலும்புக்கூட்டில் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. இடிப்பதும் கட்டுவதும் சமமாக நடக்கும்வரை பிரச்சினை இல்லை.

எலும்புக்குள் சிவப்பு மஜ்ஜை இருக்கிறது. ரத்த அணுக்கள் தயாராகும் இடம். அங்கே ரத்தக்குழாய்கள் அகலமாகவும், சுவர் மெல்லியதாகவும், ஓட்டம் நிதானமாகவும் இருக்கும். வேகமாக ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குவதைவிட, ஸ்டாப்பிங்கில் நிற்கும் பஸ்ஸிலிருந்து இறங்குவது சுலபம்தானே? புற்றுநோய் செல்லுக்கும் அப்படித்தான். போதாக்குறைக்கு, மஜ்ஜை தன்னுடைய சொந்த ரத்த மூலச் செல்களை அழைத்து வைத்துக்கொள்ள ஒரு ரசாயன அழைப்பை எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் செல்கள் பலவற்றில் அதே அழைப்பைக் கேட்கும் காதுகள் இருக்கின்றன. வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடும் குரலைக் கேட்டுத் திருடன் உள்ளே வருகிற கதை.

பரவல் எந்த எலும்பில் வரும் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. வயது வந்தவர்களுக்கு சிவப்பு மஜ்ஜை இருப்பது முதுகெலும்பு, விலா, இடுப்பெலும்பு, மண்டை ஓடு, தொடை எலும்பின் மேல்பகுதி, தோளை ஒட்டிய கை எலும்பு ஆகிய இடங்களில்தான். பரவலும் பெரும்பாலும் இங்கேதான். முழங்கைக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே வருவது அபூர்வம். கணுக்கால் வலியைப் பார்த்து யாரும் இந்தக் கட்டுரையை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

எலும்பைப் புற்றுநோய் 'தின்பதில்லை'

"எலும்பையே அரிச்சிடுச்சாம்" என்று சொல்வார்கள். கேட்கப் புற்றுநோய் செல்லே எலும்பைக் கடித்துத் தின்பதுபோல் இருக்கிறது. நடப்பது வேறு, அது இன்னும் தந்திரமானது. புற்றுநோய் செல்லுக்கு எலும்பைக் கரைக்கத் தெரியாது. கரைக்கத் தெரிந்தவர்களை அது வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

எலும்பில் குடியேறிய மார்பகப் புற்றுநோய் செல், பாராதைராய்டு ஹார்மோனைப் போன்ற ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதைப் பார்த்த ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள், உடலே உத்தரவு போட்டதாக நினைத்து, ராங்க்-லிகண்ட் என்ற இன்னொரு புரதத்தை வெளியிடுகின்றன. இடிக்கும் கோஷ்டிக்கு அதுதான் சிக்னல். ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் திரண்டு வந்து எலும்பைக் கரைக்கத் தொடங்குகின்றன.

கரையும் எலும்பிலிருந்து கால்சியம் மட்டும் வெளியே வருவதில்லை. எலும்பு உருவானபோது அதற்குள் பூட்டி வைக்கப்பட்ட வளர்ச்சிக் காரணிகளும் அவிழ்ந்து வருகின்றன. புற்றுநோய் செல்லுக்கு அது உரம். உரம் கிடைத்ததும் அது பெருகுகிறது. பெருகியதும் இன்னும் அதிகமாக அந்தப் புரதத்தைச் சுரக்கிறது. இன்னும் எலும்பு கரைகிறது. மருத்துவர்கள் இதை விஷச் சுழல் என்கிறார்கள். பேஜெட் சொன்ன விதை இங்கே மண்ணையே தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறது.

இந்தச் சுழல் புரிந்ததால்தான் மருந்தும் கிடைத்தது. அதற்குப் பிறகு வருவோம்.

ஆறு வருஷம் எங்கே இருந்தது?

குடும்பங்களை அதிகம் குழப்புவது இந்தக் கேள்விதான். "கட்டியை எடுத்தாச்சு, மார்பையே எடுத்தாச்சு. அப்புறம் எங்கிருந்து வந்துச்சு?"

ஆபரேஷனுக்கு முன்பே கிளம்பிப் போயிருக்கலாம் என்பதுதான் பதில். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வேறு எங்கும் பரவாத நிலையில் இருந்த 4,703 மார்பகப் புற்றுநோயாளிகளின் எலும்பு மஜ்ஜையைப் பரிசோதித்த முடிவுகள் தொகுக்கப்பட்டன. சுமார் 30 சதவீதம் பேரின் மஜ்ஜையில், ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சில புற்றுநோய் செல்கள் ஏற்கெனவே இருந்தன. அந்த 30 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பி வந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல செல்கள் அங்கேயே தூங்கிவிடுகின்றன. பிரிவதுமில்லை, சாவதுமில்லை. வேகமாகப் பிரியும் செல்களைக் குறிவைத்து அடிக்கும் கீமோ மருந்து, தூங்குகிற செல்லைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுகிறது. ஏதோ ஒரு கட்டத்தில், பல வருஷம் கழித்துக்கூட, அதில் ஒன்று விழித்துக்கொள்ளலாம். ஏன் விழிக்கிறது என்பதில் ஆராய்ச்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை நம்பி வளரும் வகையில்தான் இந்தத் தாமதம் அதிகம். எலும்பை அதிகம் தேடிப் போவதும் இந்த வகைதான். இந்த வகை நோய்க்கு 5 வருஷம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு, அந்த 5 வருஷமும் நோய் திரும்பாமல் இருந்த 62,923 பெண்களின் விவரங்கள் 2017-ல் ஆராயப்பட்டன. அடுத்த 15 வருஷத்தில், அதாவது 20-ஆம் வருஷம்வரை, நோய் உடலின் வேறு இடத்தில் திரும்பும் அபாயம் நிலையாகத் தொடர்ந்தது. கட்டி சிறியதாகவும் நிணநீர் முடிச்சுகள் சுத்தமாகவும் இருந்தவர்களுக்குக் குறைவு. நான்கு முதல் ஒன்பது முடிச்சுகள்வரை பரவியிருந்தவர்களுக்கு 41 சதவீதம் வரை. 'ஐந்து வருஷம் தாண்டினால் முடிந்தது' என்ற நம்பிக்கை இந்த வகைக்குப் பொருந்தாது. இதை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே நிதானமாக உட்கார வைத்துச் சொன்னால் எவ்வளவோ நல்லது. கூட்டம் நிரம்பி வழியும் ஓ.பி.யில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

'கிரீஸ்' படத்தின் கதாநாயகியும் பாடகியுமான ஒலிவியா நியூட்டன்-ஜான் ஓர் உதாரணம். அவருக்கு முதலில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது 1992-ல். 2013-ல் ஒருமுறை திரும்பியது. 2017 மே மாதம், தாங்க முடியாத முதுகு வலியால் இசை நிகழ்ச்சிகளை நிறுத்தினார். ஆரம்பத்தில் சயாட்டிகா என்றுதான் நினைத்தார்கள். முதுகுத்தண்டின் அடியில் இடுப்போடு சேரும் சேக்ரம் எலும்பில் மார்பகப் புற்றுநோய் பரவியிருப்பது அப்புறம்தான் தெரிந்தது. முதல் நோய்க்கும் இதற்கும் இடையே 25 வருஷம். அதன் பிறகும் ஐந்து வருஷம் வாழ்ந்து, 2022 ஆகஸ்ட் 8 அன்று காலமானார். உலகத்தின் எந்த மருத்துவமனைக்கும் போக வசதி இருந்தவருக்கே வலி வேறு பெயரில்தான் அறிமுகமானது.

சானடோரியம் சொல்லும் இன்னொரு சந்தேகம்

திருநீர்மலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தாம்பரம் சானடோரியம். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வரக் காரணம், டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை. அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் ஊரில் முதுகெலும்பு கரைந்து நொறுங்கினால் அது புற்றுநோய் பரவலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். இரண்டிலும் விடாத வலி, எடை குறைவு, எலும்பு நசுங்குவது எல்லாம் உண்டு. காசநோய் பொதுவாக இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்கையும் சேர்த்து அழிக்கும். புற்றுநோய் பெரும்பாலும் டிஸ்க்கை விட்டுவைக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீராவிட்டால் ஊசி மூலம் எலும்பிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிகிச்சை தலைகீழாக வேறு என்பதால் ஊகத்தில் மருந்து தொடங்க முடியாது.

சாதாரண எக்ஸ்-ரேயை மட்டும் நம்பிவிடவும் முடியாது. எலும்பின் தாதுச்சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை போன பிறகுதான் எக்ஸ்-ரேயில் ஓட்டை தெரியும். "எக்ஸ்-ரே நார்மல்னு சொல்லிட்டாங்க" என்பது, ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்த ஒருவருக்குப் போதுமான பதில் இல்லை. டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் போன் ஸ்கேன், எம்.ஆர்.ஐ., பெட்-சி.டி. ஆகியவற்றில் எது தேவை என்று டாக்டர் முடிவு செய்வார்.

எந்த வலியைக் கவனிக்க வேண்டும்?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நோய் திரும்பாமல் இருக்கத் தரப்படும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளே மூட்டு வலியைத் தரும். காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாது, முழங்கால் பிடிக்கும், கொஞ்சம் நடமாடினால் சரியாகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். அது மாத்திரையின் வேலை. நோய் இல்லை. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தர வாய்ப்பு உண்டு.

எலும்பில் பரவியதால் வரும் வலி பொதுவாக வேறு மாதிரி. ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். வாரக்கணக்கில் நீடிக்கும், கூடிக்கொண்டே போகும். ஓய்வெடுத்தாலும் அடங்காது. பகலில் வேலைப் பரபரப்பில் மறந்தாலும், ராத்திரி படுத்தால் தூங்க விடாது. சுளுக்கு, வாயுப் பிடிப்பு எல்லாம் சில நாளில் குறையும். இது குறையாது. சிலருக்கு வலியே இல்லாமல், குனிந்து ஒரு பக்கெட்டைத் தூக்கும்போது எலும்பு முறிவதுதான் முதல் அடையாளமாக இருக்கும். இன்னும் சிலருக்கு, கரையும் எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, குழப்பமான பேச்சு என்று வரும். வெயில் காலத்தில் இதை 'சூடு' என்று நினைத்து இளநீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்து போன யாரும், காரணம் தெரியாத புது முதுகு வலிக்குச் சுளுக்கு எடுப்பவரிடமோ, கட்டுப் போடுபவரிடமோ முதலில் போகக் கூடாது. உள்ளே அரித்துப் பலவீனமான எலும்பை அழுத்தித் தேய்த்தாலோ, திருகினாலோ முறிந்துவிடும். தைலம் தேய்த்துவிடும் மகளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மூன்று வாரம் தேய்த்தும் அடங்கவில்லை என்றால் தைலத்தை மாற்றிப் பார்க்க வேண்டாம் என்பதற்காகச் சொல்வது.

ஒரே ஒரு நிலையில் வாரக்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் பேச வேண்டியிருக்கிறது. முதுகெலும்பு நசுங்கி உள்ளே ஓடும் தண்டுவடத்தை அழுத்தும் நிலை அது. கால் துவளுவது, நடை தடுமாறுவது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது, உட்காரும் பகுதியில் உணர்ச்சி இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது, மார்பைச் சுற்றி பெல்ட் போட்டு இறுக்கியதுபோல் வலிப்பது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், எம்.ஆர்.ஐ. வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். "காலைல பார்த்துக்கலாம்" என்பது இங்கே கூடாது. ஸ்டீராய்டு ஊசி உடனே தொடங்கப்படும். கதிர்வீச்சோ அறுவை சிகிச்சையோ கூடிய சீக்கிரம், முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர்கள் அதற்குப் பிறகும் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். நடை போன பிறகு வந்தவர்களுக்கு அது திரும்புவது கஷ்டம். அந்த ஒரு ராத்திரி, மிச்ச வாழ்க்கை காலிலா சக்கர நாற்காலியிலா என்பதைத் தீர்மானித்துவிடலாம்.

பரவிவிட்டால் அவ்வளவுதானா?

இல்லை. முழுவதுமாகக் குணமாக்குவது பெரும்பாலும் முடியாது என்பதை மறைக்கவும் தேவையில்லை. ஆனால் எலும்பில் மட்டும் பரவியிருந்தால், கல்லீரலிலோ மூளையிலோ பரவியவர்களைவிட நோய் பொதுவாக நிதானமாகவே போகும். பல வருஷம் வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணி வைத்தவர்களும் உண்டு.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். உறவினர்கள் "எலும்பு கேன்சர்" என்பார்கள். அது தவறு. எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய் வேறு நோய். பெரும்பாலும் இளம் வயதினருக்கு வரும் வகைகளும் அதில் உண்டு. இங்கே எலும்பில் இருப்பது மார்பகச் செல்தான். மார்பகப் புற்றுநோய்க்கான மருந்துதான் வேலை செய்யும். ஈஸ்ட்ரோஜன் வகை என்றால் ஹார்மோன் மாத்திரையோடு பால்போசிக்லிப், ரைபோசிக்லிப் போன்ற மாத்திரைகள் சேர்க்கப்படும். ஒரு காலத்தில் நடுத்தர வர்க்கம் நினைத்தே பார்க்க முடியாத விலை. 2023-ல் பால்போசிக்லிப்பின் காப்புரிமை முடிந்து இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகள் வந்த பிறகு அதன் விலை பெரிதாக இறங்கியது. ஹெர்2 வகை என்றால் அதற்கான ஊசிகள் தனி.

அடுத்தது எலும்பைக் காக்கும் மருந்து. மேலே சொன்ன விஷச் சுழலை நடுவில் வெட்டுவது இதன் வேலை. ஸோலெட்ரோனிக் ஆசிட், எலும்பில் ஒட்டிக்கொண்டு, அதைக் கரைக்க வரும் ஆஸ்டியோகிளாஸ்ட்டைச் சாகடிக்கும். டெனோசுமாப், இடிக்கச் சொல்லும் ராங்க்-லிகண்ட் சிக்னலையே பிடித்து நிறுத்தும். இரண்டுமே முறிவையும் வலியையும் குறைக்கின்றன. ஸோலெட்ரோனிக் ஆசிட்டை மாதம் ஒருமுறை ஏற்றுவதற்குப் பதில் 12 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினாலும் எலும்பு முறிவைத் தடுப்பதில் பலன் குறைவதில்லை என்று 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்த மருந்துகளைத் தொடங்கும் முன் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. கால்சியமும் வைட்டமின் டி-யும் கூடவே வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, நோய் பரவுவதற்கு முன்பே ஸோலெட்ரோனிக் ஆசிட் வகை மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? 2015-ல் 18,766 பெண்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாதவிடாய் நின்றவர்களில் எலும்பில் நோய் திரும்புவது 28 சதவீதமும், மார்பகப் புற்றுநோயால் இறப்பது 18 சதவீதமும் குறைந்திருந்தன. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சிகிச்சை முடியும் கட்டத்தில் "எனக்கு இந்த எலும்பு ஊசி தேவைப்படுமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

வலிக்குக் கதிர்வீச்சு இருக்கிறது. ஒரே ஒரு முறை 8 கிரே அளவு கொடுப்பதும், பத்து நாள் அலைந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதும், சிக்கலில்லாத எலும்பு வலியைக் குறைப்பதில் ஏறத்தாழ ஒன்றுதான். சிலருக்கு மறுபடி ஒருமுறை தேவைப்படலாம், அவ்வளவே. மார்ஃபின் என்றாலே "கடைசிக் கட்டம்" என்று பயப்படுவது இன்னொரு தவறு. வலிக்கான மருந்து அது. வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை.

எங்கே போவது?

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கணக்கின்படி, 2022-ல் இந்தியாவில் புதிதாக சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை கணக்கெடுக்கத் தொடங்கியபோது பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். இப்போது அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய். 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில், 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அந்த மருத்துவமனை.

திருநீர்மலை 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆனால் புற்றுநோய் சிகிச்சைக்கு இங்கிருந்து பெரும்பாலும் நகரத்துக்குள்தான் போக வேண்டும். அடையாறு தவிர, ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. பல்லாவரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஜனங்களுக்கு இன்றும் 'ஜி.எச்.'. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. எந்த ஊசி, எந்த மாத்திரை அதில் வரும் என்பதை அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலித்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். 104 எண்ணில் விசாரிக்கலாம்.

முதலில் சிகிச்சை பார்த்த மருத்துவமனைக்கே போவது நல்லது. அங்கே போக முடியாவிட்டால், பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆபரேஷன் முடிந்த கையோடு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போட்டுப் பூட்டிய அதே ஃபைல்தான். அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று பரிசோதனை முடிவுகள் ஒரு தாளில் இருக்கும். டாக்டர் கேட்கும் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும். அது தொலைந்துபோயிருந்தால், ஆபரேஷன் செய்த இடத்தின் பேத்தாலஜி லேபில் மெழுகில் பதித்த சதைத் துண்டை எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். இருந்தால் அதை வாங்கி மறுபடி பரிசோதிக்க முடியும்.